மறைந்திருந்த மூன்று வரிகள்

தொழிற்பயிற்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய சிறிய அறையில், ஒரு பெண்மணி பதினோரு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறார். பதவிப் பெயர், வலைப்பக்கப் பொறுப்பாளர். அவர் வகுப்பு எடுப்பதில்லை, விடைத்தாள் திருத்துவதுமில்லை. ஆனாலும் அந்த நிலையத்தில் கணினி நிரல் எழுதக் கற்றவர்களைக் கேட்டால், பாடம் நடத்திய ஆசிரியரை விட்டுவிட்டு இவரைத்தான் டீச்சர் என்பார்கள். அதிலும் வெறும் டீச்சர் அல்ல, 'பெட்டி டீச்சர்'.

பெட்டி என்றால் பாடப்பக்கத்தின் நடுவே வரும் ஒரு கட்டம். அதற்குள் சில வரிகளில் நிரல் இருக்கும். அடியில் 'இயக்கு' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் நிரல் அந்தப் பக்கத்திலேயே ஓடி, விடையைக் கீழே காட்டும். ஓர் எண்ணை மாற்றி மறுபடி அழுத்தினால் விடையும் மாறும். படிப்பவர் வேறெங்கும் போக வேண்டியதில்லை. எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. கையில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும்.

இது வருவதற்கு முன் இருந்த நிலையை நேரில் கண்டவர் அவர். ஓர் ஆண்டில் முப்பத்தாறு பேர் சேர்ந்தனர். முதல் வாரத்திலேயே பத்தொன்பது பேர் நின்றுவிட்டனர். நிரல் எழுதுவது கடினம் என்று அவர்கள் போகவில்லை. நிரல் எழுதும் கருவியைத் தம் கணினியில் நிறுவத் தெரியாமல் போனார்கள். வாசற்படியில் தடுக்கி விழுந்தவர்களை வீடு பிடிக்காமல் போனவர்களாகக் கணக்கில் எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்கைப் படித்த மறுநாளே அவர் முதல் பெட்டியைச் செய்யத் தொடங்கினார்.

ஏழே ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஆயின. துறைத்தலைவர் படியேறி வரும்போதெல்லாம் இந்த அறைக்குள் தலையை நீட்டி, "டீச்சர், உங்க பெட்டி வந்ததுல இருந்து எங்களுக்கு வேலையே இல்ல. பெஞ்சைத் துடைச்சிட்டு உக்காந்திருக்கோம்" என்பார்.

"பெஞ்சு இன்னும் அழுக்காத்தான் சார் இருக்கு" என்பார் இவர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

டீச்சரின் வேலைமுறை கறாரானது. ஒவ்வொரு பெட்டியையும் மூன்று விதமாகச் சோதிப்பார். உள்ளபடி ஒருமுறை இயக்குவார். ஓர் எழுத்தைக் கெடுத்து ஒருமுறை இயக்குவார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒருமுறை இயக்குவார். இதற்கென்றே மிகச் சிறிய திரையுள்ள பழைய கைப்பேசி ஒன்று அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. அந்தக் கைப்பேசியிலிருந்துதான் அவருடைய முக்கியமான விதி பிறந்தது. எந்தப் பெட்டியிலும் ஏழு வரிக்கு மேல் இருக்கக் கூடாது. எட்டாவது வரி வந்தால் பொத்தான் திரைக்குக் கீழே போய்விடுகிறது. பொத்தானைக் காணாதவர்கள் பாடம் அங்கேயே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பதினோராம் பாடத்திலிருந்து ஏழு வரி போதவில்லை. ஒரு கோப்பிலுள்ள விவரங்களை எடுத்துப் பிரிக்கும் பாடங்கள் அவை. முதலில் அதற்குரிய கருவித் தொகுப்பை அழைக்க வேண்டும். பிறகு கோப்பைத் திறக்க வேண்டும். பிறகு அதிலுள்ளவற்றை ஒரு பட்டியலாக்கிப் பெயரிட வேண்டும். மூன்று வரிகள். உண்மையான பாடம் அவற்றுக்குப் பிறகே தொடங்குகிறது. டீச்சர் அந்த மூன்று வரிகளையும் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தார். பொத்தானை அழுத்தும்போது அவை முதலில் ஓசையின்றி ஓடும். அடுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிகள் ஓடும். படிப்பவருக்குப் பட்டியல் தயாராக இருப்பதுபோல் தோன்றும். கோப்பைத் திறப்பதைப் பற்றிய பாடத்தைப் பெட்டியேதும் இல்லாமல் கடைசியில், 'மேலும் படிக்க' என்ற தலைப்பில் போட்டார். பெட்டியில்லாத அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவில்லை. பக்கங்கள் சுத்தமாக இருக்கின்றன என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

டீச்சரின் அக்கா அரசு மருத்துவமனையில் நர்ஸ். அறுவை சிகிச்சை வார்டில் இருபத்து மூன்று ஆண்டுகள். ஒரு நோயாளி கட்டிலிலிருந்து சரிந்தபோது தாங்கிப் பிடித்ததில் முதுகெலும்பில் டிஸ்க் விலகிவிட்டது. ஆறு மாதச் சிகிச்சைக்குப் பிறகு, நோயாளியைத் தூக்கும் வேலைக்கு இவருக்கு இனித் தகுதியில்லை என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. நிர்வாகம் ஒரு வழி வைத்திருந்தது. பதிவேட்டுப் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் அங்கே எல்லாம் கணினிதான். விவரங்களைப் பிரித்தெடுக்கச் சிறு நிரல்கள் எழுதத் தெரிய வேண்டும். அதற்கொரு செய்முறைத் தேர்வு. இரண்டு வாய்ப்புகள். இரண்டிலும் தவறினால் ஆண்டு முடிவில் விருப்ப ஓய்வு. அதுவரை வார்டில் மேசை வேலை மட்டும்.

'விருப்ப' என்ற சொல்லை அக்கா இரண்டு முறை படித்தார். பிறகு, "அந்தக் கட்டடத்தை விட்டு வெளிய வந்தா நான் யாருடி?" என்று மட்டும் கேட்டார்.

டீச்சர் தன் பக்கங்களைத் திறந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. முதல் ஞாயிறு, அக்கா கைப்பேசியை ஏதோ சூடான பாத்திரம்போல் தள்ளிப் பிடித்திருந்தார்.

"ஏண்டி, இதை அமுக்குனா எதுவும் உடைஞ்சு போயிடாதே?"

"நீ உடைச்சா நான் ஒட்ட வைக்கிறேன். அமுக்குக்கா."

"எத்தனை ஊசி போட்டிருப்பேன்! ஒரு நாளும் கை நடுங்கினதில்ல. இந்தப் பொத்தானுக்குப் போய் நடுங்குது பாரு."

அக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். கதவோரம் நின்று ரசித்துக்கொண்டிருந்தார். "வார்டையே மிரட்டுனவ, ஒரு பெட்டி முன்னாடி பெட்டிப் பாம்பா உக்காந்திருக்கா. இதைப் பாக்க ரெண்டு கண்ணு பத்தாது."

"கண்ணாடிக் கடையில இருந்துகிட்டுக் கண்ணு பத்தலைன்னா எப்படி அத்தான்? முதல்ல நீங்க ஒண்ணு மாட்டிக்குங்க" என்றார் டீச்சர்.

அக்கா அழுத்தினார். விடை வந்தது. அதை அவர் சத்தமாக வாசித்தார். பிறகு எண்ணை மாற்றி மறுபடி அழுத்தினார். அன்று மாலைக்குள் மூன்று பாடங்கள் முடிந்தன.

நான்கு மாதங்களில் அக்கா பக்கங்களைக் கரைத்துக் குடித்தார் என்றே சொல்லலாம். வேலைக்குப் போகும் பேருந்தில் ஒரு பெட்டி. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஒரு பெட்டி. யார் எந்தப் பெட்டியை எத்தனை முறை இயக்கினார் என்பது நிலையத்தின் கணினியில் பதிவாகும். அக்காவின் கணக்கில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தது. வேறு எந்த மாணவரும் அதில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. பதினான்காம் பாடத்தை அவர் பார்க்காமலே எழுதுவார். படுக்கைகளின் பட்டியலிலிருந்து இரண்டு நாளுக்கு மேல் காலியாக இருப்பவற்றைப் பிரித்தெடுக்கும் பாடம் அது. அக்காவுக்குத் தெரிந்த விஷயமாக இருக்கட்டும் என்று டீச்சரே எழுதிச் சேர்த்த பாடம்.

முதல் தேர்வு ஒரு புதன்கிழமை. மருத்துவமனையின் நிர்வாகக் கட்டடத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஒன்றரை மணி நேரம்; மூன்று கேள்விகள். மூன்றும் படுக்கைக் கோப்பைப் பற்றியவை. முதல் கேள்வியைப் படித்ததும் அக்காவுக்குச் சிரிப்பே வந்துவிட்டதாம். வெறுமையான திரையில் அவர் பதினான்காம் பாடத்தின் ஐந்து வரிகளையும் மளமளவென்று தட்டினார். இயக்கினார். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. 'படுக்கைகள்' என்று நீங்கள் குறிப்பிடும் எதுவும் எனக்குத் தெரியாது என்பது அதன் பொருள்.

எங்கோ கைத்தவறு என்று அக்கா எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தட்டினார். அதே சிவப்பு. புள்ளி, காற்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். அதே சிவப்பு. மூன்று கேள்விகளுக்கும் அதே கதை. கண்காணிப்பாளராக நின்ற பெண், ஒரு காலத்தில் அக்காவிடம் வேலை பழகியவர். அவர் இரண்டு முறை பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். அதுதான் தாங்க முடியவில்லை என்றார் அக்கா.

"என் மண்டையில ஏறல, அவ்வளவுதான். நாலு மாசம் உன்னையும் சேத்துப் படுத்திட்டேன்."

"இன்னொரு சான்ஸ் இருக்கே."

"அதுக்கு ஃபாரம் போடணும். திங்கக்கிழமை நாலு மணிதான் கடைசி. நான் போடப் போறதில்ல. இன்னொரு தரம் அந்தப் பிள்ளை என் பின்னாடி வந்து நிக்கிறதப் பாக்க என்னால முடியாது."

அவர் சொல்லிவிட்டால் சொன்னதுதான். வீட்டில் யாரும் அவருடைய முடிவை மாற்றி வழக்கமில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. டீச்சர் தன் அறையில் உட்கார்ந்து அக்காவின் பதிவைத் திறந்தார். எங்கே தடுமாறினார் என்று தெரிந்தால் அதையாவது சரிசெய்யலாம் என்ற எண்ணம். தேர்வு நடந்த புதன்கிழமை மாலையில் அக்கா மறுபடி பக்கத்துக்கு வந்திருந்தார். பதினான்காம் பாடத்தை முப்பத்தொரு முறை இயக்கியிருந்தார். முப்பத்தொரு முறையும் விடை சரி. அதன் பிறகு பதிவு ஏதுமில்லை.

டீச்சர் அந்த முப்பத்தொரு பதிவையும் ஒவ்வொன்றாகப் படித்தார். தேர்வில் தட்டிய அதே வரிகளைத்தான் அக்கா இங்கும் தட்டியிருந்தார். அங்கே ஓடாதது இங்கே ஏன் ஓடுகிறது என்று அவர் தன்னந்தனியே கேட்டுப் பார்த்திருக்கிறார். பெட்டி அவருக்குப் பதில் சொல்லவில்லை.

அறையின் மூலையில் துணி போர்த்தி வைத்த ஒரு கணினி இருந்தது. நிரல் எழுதும் கருவி மட்டும் நிறுவப்பட்டது, பெட்டிகள் இல்லாதது. டீச்சர் துணியை எடுத்துவிட்டு அக்காவின் ஐந்து வரிகளை அதில் தட்டி இயக்கினார். சிவப்பு எழுத்து வந்தது.

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏழு ஆண்டுகளாக ஒவ்வொரு பெட்டியையும் மூன்று விதமாகச் சோதித்தவர் அவர். ஆனால் சோதித்ததெல்லாம் பெட்டிக்கு உள்ளேதான். ஒரு நிரல் துண்டைக்கூட அவர் வெளியே கொண்டுவந்து, ஒன்றுமில்லாத திரையில் ஓட விட்டதில்லை. தான் ஒளித்து வைத்தவை அங்கே துணைக்கு இல்லை என்பது அவர் நினைவில் மங்கிப் போயிருந்தது. அக்கா எழுதியதில் ஓர் எழுத்தும் தவறில்லை. அவருக்கு முன்னால் இருக்க வேண்டிய மூன்று வரிகளை அவர் வாழ்நாளில் பார்த்ததே இல்லை.

மறுநாள் மதியம் அவர் போனபோது, அக்கா கூடத்தில் பலகைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். குனிய முடியாது என்பதால் அத்தான் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீ எழுதினதுல ஒரு தப்பும் இல்ல."

"ஆறுதல் சொல்ல வந்தியாக்கும். அந்த வேலையைத்தான் உங்கத்தான் நாலு நாளா மூச்சு விடாம பாக்குறாரே. அவர் வாய்க்குப் பூட்டு போட முடியல, நீ வேற."

"ஆறுதல் இல்லக்கா. தப்பு என்னோடது."

அத்தான் கையிலிருந்த துணியைப் பிடித்தபடியே நின்றார். டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். சிறிய திரை, ஏழு வரி, மறைத்த மூன்று வரிகள், யாரும் திறக்காத கடைசிப் பக்கம். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அக்கா குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப நான் அமுக்குனப்ப எல்லாம் ஓடுச்சே, அது?"

"முதல் மூணு வரி நான் எழுதினது. மீதி நீ எழுதினது."

"சரியா வந்துடுச்சுன்னு துள்ளிக் குதிச்சேனே. நீயும் பாத்துச் சிரிச்சியே."

"ஆமா."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கே அது மறந்து போச்சுக்கா. சத்தியமா."

அக்கா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"எங்க வார்டுல ஒருத்தி இருந்தா. தங்கமான பொண்ணு. நோயாளி வலியில துடிச்சா அவளுக்குத் தாங்காது. ஓடிப் போய் மருந்தைக் குடுத்துடுவா. சார்ட்ல எழுத மாட்டா. அடுத்த ஷிஃப்டுக்கு வர்றவளுக்கு என்ன தெரியும்? நோயாளி நல்லா தூங்குறான், வலி குறைஞ்சிடுச்சுன்னு எழுதி வைப்பா. டாக்டர் அதைப் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவார். வீட்டுக்குப் போனவன் துடிப்பான். நான்தான் அவளைப் பத்தி மேல எழுதிக் குடுத்தேன். நல்லவதான். இருந்தாலும் எழுதிக் குடுத்தேன்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தான், "விடேன், சின்னவதானே" என்று தொடங்கினார். அக்கா ஒரு பார்வை பார்த்ததும் அவர் கையிலிருந்த துணியை நீட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

"நான் ஒருத்திதானா?" என்றார் அக்கா.

"இல்ல."

"எத்தனை பேர்?"

"தெரியலக்கா. எண்ணல."

"எண்ணு. நாளைக்கு நாலு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல? எண்ணிட்டு வந்து சொல்லு. அப்புறம் அந்த ஃபாரத்தைப் பத்திப் பேசலாம்."

"அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"இதே இடத்துல தடுக்கி, மண்டையில ஏறலைன்னு ஒதுங்கினவங்க இன்னும் இருக்காங்கன்னு தெரிஞ்சா, கோளாறு என் மண்டையில இல்லன்னு நான் நம்புவேன்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே டீச்சர் அறைக்குப் போய்விட்டார். எதைத் தேட வேண்டும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். பதினோராம் பாடத்தைத் தாண்டியவர். சில நாள் இடைவெளி விட்டவர். திடீரென்று ஒருநாள் திரும்பி வந்து, ஏற்கெனவே முடித்த பாடத்தையே திரும்பத் திரும்பச் சரியாக இயக்கியவர். பிறகு வராமலே போனவர். இப்படிப்பட்ட பதிவுகளை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். ஆண்டறிக்கையில் அவற்றுக்கு ஒரு தலைப்பும் கொடுத்திருந்தார்: 'மீள்பயிற்சியில் மாணவர் காட்டும் ஆர்வம்'. அந்த அறிக்கையை எடுத்துப் பார்க்க அவருக்குத் தெம்பு வரவில்லை.

பதினொன்றரை மணிக்கு எண்ணி முடித்தார். அக்காவைச் சேர்த்து இருபத்தேழு பேர்.

துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"பக்கம் நீளமாயிடுமே டீச்சர். ஏழு வரிதான்னு விதி போட்டதே நீங்கதானே?"

"விதி நான் போட்டதுதான் சார். அதை மீறக் கூடாதுன்னுதான் மறைச்சேன்."

"சரி, அடுத்த வருஷப் பாடத்துல மாத்திக்கலாம்."

"இன்னிக்கே மாத்தணும் சார். மாத்தினதை முதல் பக்கத்துல எழுதியும் போடணும்."

"நோட்டீஸ் எல்லாம் எதுக்கு? சத்தம் போடாம மாத்திடுங்க. நமக்கும் கௌரவம் இருக்குல்ல?"

"சத்தம் போடாம மாத்தினா மறுபடியும் மறைக்கிறதுதானே சார்?"

துறைத்தலைவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினார். வழக்கமாக ஏதாவது கேலி செய்பவர் அன்று செய்யவில்லை. "எழுதுங்க. எழுதிட்டு எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க" என்றார்.

டீச்சர் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பதினோராம் பாடத்திலிருந்து தொடங்கினார். மறைந்திருந்த அந்த மூன்று வரிகளும் ஒவ்வொரு பெட்டியிலும் மேலே வந்து அமர்ந்தன. பெட்டிகள் பத்து வரி ஆயின. பொத்தானைப் பெட்டியின் மேல்பக்கத்துக்கு மாற்றினார். ஏழு ஆண்டுகளில் இது ஏன் தோன்றவில்லை என்று அவரால் தனக்கே விளக்க முடியவில்லை. முதல் பக்கத்தில், 'இப்பக்கங்களில் இதுவரை மறைந்திருந்தவை' என்று தலைப்பிட்டு, மூன்று வரிகளையும் அவற்றின் பொருளையும் எழுதி, தேதியிட்டு, கீழே தன் பதவிப் பெயரையும் போட்டார்.

மூன்றரை மணிக்கு மருத்துவமனை நடைக்கூடத்தில் அக்கா முன் நின்றார்.

"இருபத்தேழு பேர். உன்னையும் சேத்து."

அக்கா அந்த எண்ணை ஒருமுறை திருப்பிச் சொன்னார். "அவங்களுக்கும் எழுதிப் போடுவியா?"

"ஒருத்தர் விடாம."

"அந்தச் சிவப்பு எழுத்து என்னால வரலைன்னு இப்பத்தான் நம்புறேன். ஆனா ஒண்ணு. இனிமே நீ எனக்காக எதையும் எளிசாக்க வேணாம். எது கஷ்டமோ அதைக் கண்ணு முன்னாடி வை. பேனா வச்சிருக்கியா?"

படிவம் மூன்று ஐம்பதுக்கு அலுவலகத்துக்குப் போனது.

இரண்டாம் தேர்வுக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. மூலையில் கிடந்த கணினியை நிலையத்தின் அனுமதியோடு டீச்சர் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார். அக்கா கைப்பேசியைத் தொடவே மறுத்துவிட்டார். பாடத்தை அந்தக் கணினித் திரையிலேயே படிப்பார். நிரலைப் பெட்டிக்கு வெளியே, வெறுமையான திரையில்தான் எழுதுவார். அவர் படித்த விதமும் மாறிப்போனது. மாணவியாக இருந்தவர் சோதனை அதிகாரி ஆனார். ஒவ்வொரு வரியையும் எடுத்துவிட்டு இயக்கிப் பார்ப்பார். எதை எடுத்தால் எது சாகிறது என்று ஒரு தாளில் குறிப்பார்.

இரண்டாம் வாரத்தில் தொலைபேசி வந்தது.

"ஏய், இந்த மெஷின் ஒரே இடத்துல சுத்திக்கிட்டே இருக்கு. கால் மணி நேரமாச்சு, நிக்கவே மாட்டேங்குது. உன் பெட்டியில இப்படி ஒரு நாளும் ஆனதில்லையே?"

டீச்சருக்கு உடனே புரிந்துவிட்டது. முடிவில்லாமல் சுழலும் நிரலைப் பெட்டி பத்து விநாடியில் தானே நிறுத்திவிடும். யாருடைய கைப்பேசியும் உறைந்து போகக் கூடாதென்று அவர் செய்து வைத்த ஏற்பாடு. அதையும் அவர் எங்கும் சொன்னதில்லை.

"அதுவும் நான் பண்ணினதுதான்க்கா. கன்ட்ரோலையும் சி-யையும் சேத்து அமுக்கு, நின்னுடும்."

"நின்னுடுச்சு. இன்னும் என்னென்னடி ஒளிச்சு வச்சிருக்க? மொத்தமா இப்பவே சொல்லிடு."

"எனக்கே தெரியலக்கா. நீ கண்டுபிடி, நான் எழுதிப் போடறேன்."

"நல்லா இருக்கு நியாயம். திருடன் வீட்டுலயே வந்து, எதைத் திருடினேன்னு தேடிக் குடுங்கன்னு கேக்குறான்" என்று அத்தான் குரல் பின்னாலிருந்து கேட்டது.

அறிவிப்பு நீண்டது. மூன்று வரிகளில் தொடங்கியது ஐந்தாம் வாரத்தில் ஒன்பது குறிப்புகளாக வளர்ந்தது. ஏழு குறிப்புகளைக் கண்டவர் அக்கா.

இருபத்தாறு கடிதங்களும் முதல் வாரத்திலேயே போயிருந்தன. ஒவ்வொன்றையும் டீச்சர் தனித்தனியாக எழுதினார். அவரவர் கடைசியாக இயக்கிய நிரலை எடுத்துப் போட்டு, இது சரியானது, வெளியே இது ஓடாததற்குக் காரணம் நாங்கள் என்று எழுதினார். பதினொரு பேர் பதில் எழுதினர். இரண்டு பேர் திரும்பி வருவதாகச் சொன்னார்கள். ஒருவர், தான் இப்போது சரக்கு லாரி ஓட்டுவதாகவும், நான்கு ஆண்டுகளாகத் தன்னை மந்தபுத்தி என்று நினைத்திருந்ததாகவும், சொன்னதற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார். ஆறு வரிக் கடிதம் அது. டீச்சர் அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினார். அக்கா கேட்டு முடித்துவிட்டு, "இன்னும் பதினஞ்சு பேர்?" என்றார். முகவரி மாறியிருக்கலாம், பார்க்காமலும் இருக்கலாம் என்றார் டீச்சர்.

இரண்டாம் தேர்வன்று ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். அதே கண்காணிப்பாளர். அக்கா முதல் மூன்று வரிகளைத் தட்டினார். அதுவரை மட்டும் இயக்கி, சிவப்பு வரவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே மேலே எழுதினார். முதல் இரண்டு கேள்விகள் நாற்பது நிமிடத்தில் முடிந்தன. மூன்றாவதில் நிரல் சுழன்றுகொண்டே இருந்தது. பக்கத்து மேசையிலிருந்தவர் தன் இயந்திரம் உறைந்துவிட்டதென்று எழுந்து நின்று கையைத் தூக்கினார். அக்கா தூக்கவில்லை. இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்தி நிறுத்தினார். சுழலும் இடத்தைத் தேடிப் பிடித்துத் திருத்தினார். கண்காணிப்பாளர் பின்னால் வந்து நின்றதையும், கொஞ்ச நேரம் நகராமல் நின்றதையும், அவர் அன்று மாலைதான் நினைத்துப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். டீச்சர் அறையில் தொலைபேசி அடித்தது.

"பட்டியல் ஒட்டிட்டாங்க. கடைசியில இருந்து மூணாவது பேர் நான்தான்" என்றார் அக்கா. "ஒண்ணாம் தேதி பதிவேட்டுப் பிரிவுல சேரணும். அதே கட்டடம்தான், கீழ்த்தளம்."

டீச்சர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அழாதடி. கேக்குது."

"அழல."

"சரி, அழல. இங்க பாரு, நேத்து பதினெட்டாம் பாடம் படிச்சேன். அதுல தேதி எல்லாம் ஒரே மாதிரி ஒழுங்கா வருது. எங்க ஆஸ்பத்திரிக் கோப்புல ஒருத்தி போடுற மாதிரி இன்னொருத்தி தேதி போட மாட்டா. அங்கயும் யாரோ முன்னாடியே சரிபண்ணி வச்சிருக்காங்க. போய்ப் பாரு."

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பதினெட்டாம் பாடத்தைத் திறந்து, பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். அன்றைய அவசரத்தில் அவர் கவனிக்காமல் தாண்டிப்போன, தேதிகளை ஒழுங்குபடுத்தும் நான்கு வரிகள் அங்கே இருந்தன. அவற்றை மேலே கொண்டுவந்தார். வெறும் கணினி அக்கா வீட்டிலேயே இருந்ததால், கீழே ஆய்வகத்துக்கு இறங்கிப் போய் அங்கே ஓட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, முதல் பக்க அறிவிப்பில் பத்தாவது குறிப்பைச் சேர்த்துத் தேதியிட்டார்.